பழைய கணினி விளையாட்டுகள் திரும்பி வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பழைய கேம் புதுப் பொலிவோடு வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் போதும், நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேள்விகளோடு வந்துவிடுவார்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்து விளையாடி வருகிறேன். ரீமேக் எது வந்தாலும் பழைய பதிப்பையும் திறந்து வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறி ஆடிப் பார்ப்பது என் வழக்கம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ரீமாஸ்டர், ரீமேக், ரீபூட் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ரீமாஸ்டரில் உள்ளே ஓடுவது பழைய ஆட்டமேதான். படமும் ஒலியும் புதிது. 2017இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்: ரீமாஸ்டர்ட்' இந்த வகை. ரீமேக் என்றால் கேமை அடித்தளத்திலிருந்து மறுபடி கட்டுவது. 1998இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2' 2019இல் அப்படிக் கட்டப்பட்டது. அறையின் மூலையில் அசையாமல் நின்ற கேமரா போய், நாயகனின் தோளுக்குப் பின்னால் நகரும் கேமரா வந்தது. ரீபூட்டில் பெயரும் சூழலும் மட்டும் பழையவை, மற்றதெல்லாம் முதலிலிருந்து. 2016இன் 'டூம்' அப்படி.

கடையில் ஒட்டும் பெயர்ச்சீட்டு இந்தப் பிரிவினையை மதிப்பதில்லை. 2025இல் வந்த 'ஆப்லிவியன்' புதுப் பதிப்பின் பெயர் ரீமாஸ்டர். ஆனால் கண்ணில் படும் எல்லாவற்றையும் வரைவது அன்ரியல் எஞ்சின் 5 (எஞ்சின் என்றால் கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்). அடியில் கணக்குப் போடுவது 2006இன் பழைய எஞ்சின். ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே ஓடுவது பழைய ஆட்டமா புதியதா என்று கேளுங்கள்.

'அசலுக்கு உண்மையாக' என்கிறார்களே, எதற்கு உண்மையாக?

கைக்கு. என் பதில் எப்போதும் இதுதான்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி, 1989இல் வெளிவந்தது. தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அந்த அசைவுகளைப் பிரேம் பிரேமாகப் பார்த்து வரைந்து இளவரசனுக்குக் கொடுத்தார். அதனால் அவனுக்கு மனித உடம்பின் கனம் உண்டு. ஓடிக்கொண்டிருப்பவன் விசையை விட்டதும் நின்றுவிட மாட்டான், சறுக்கித்தான் நிற்பான். பள்ளத்தின் விளிம்பு வந்த பிறகு தாவச் சொன்னால் விழுந்துதான் போவான். ஓர் எட்டு முன்னாலேயே சொல்ல வேண்டும். ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்து விளிம்பை அளந்து, பின்வாங்கி, ஓடி, தாவி, எதிர்ப்பக்கக் கல்லை நெருங்கும்போது மறுபடி ஷிஃப்ட்டைப் பிடித்தால்தான் விரல் நுனியில் தொங்குவான். மொத்த ஆட்டத்துக்கும் கிடைப்பது 60 நிமிடம். அந்த அவசரமும் இந்த நிதானமும் ஒன்றையொன்று இழுப்பதுதான் அந்த கேம். விசையைத் தொட்ட கணமே தாவும்படி அவனை மாற்றிவிட்டால், அரண்மனையை எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது வேறொன்று.

1996இன் 'டூம் ரைடர்' ('டூம்' வேறு, இது வேறு) இன்னொரு பாடம். அந்த உலகம் முழுவதும் சம அளவுக் கட்டங்களால் ஆனது. நாயகி லாராவை விளிம்பில் நிறுத்தி, பின்னோக்கி ஒரு தாவல் தாவவிட்டால், ஓடித் தாவுவதற்குத் தேவையான தூரம் சரியாகக் கிடைக்கும். கண்ணால் பார்த்தே 'இது நின்று தாவுகிற தூரம், அது ஓடித் தாவுகிற தூரம்' என்று எண்ணிச் சொல்லிவிடலாம். 2024இல் முதல் மூன்று பாகங்களும் ரீமாஸ்டர் ஆனபோது பழைய கட்டுப்பாடு, புதிய கட்டுப்பாடு இரண்டையும் கொடுத்தார்கள். புதியதில் நடப்பது சுகம், ஆனால் தாவும்போது அளவு தப்பியது. அரை மணி நேரத்தில் பழையதற்குத் திரும்பிவிட்டேன். திரும்பியதும் விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்கின.

உண்மையாக இருக்கிறதா என்று சோதிக்க 'டூம்' ரசிகர்களிடம் அருமையான வழி ஒன்று உண்டு. 1993இல் வந்த அந்த கேம், ஓர் ஆட்டத்தைப் பதிவு செய்யும்போது படத்தைப் பதிவதில்லை. நொடிக்கு 35 முறை, ஆடுபவர் என்ன செய்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். திரும்ப ஓட்டும்போது அதே கட்டளைகளை அதே வரிசையில் கொடுத்து ஆட்டத்தை மறுபடி நடத்தும். விதிகளில் மயிரிழை மாறியிருந்தாலும் போதும், சிறிது நேரத்தில் நாயகன் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் முட்டிக்கொண்டு, யாரும் இல்லாத மூலையைச் சுட்டுக்கொண்டிருப்பான். 'சாக்லேட் டூம்' என்ற ரசிகர் பதிப்பு, பழைய பதிவுகள் பிசகாமல் ஓட வேண்டும் என்பதற்காக அசலில் இருந்த பிழைகளையும் அப்படியே காத்துவருகிறது.

அப்படியானால் பழைய தொல்லைகளையும் அப்படியே வைக்க வேண்டுமா?

வேண்டாம். தொல்லை எது, விதி எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். நான் வைத்திருக்கும் உரைகல் இது: இதை எடுத்துவிட்டால், ஆடுபவர் எடுக்கும் முடிவு ஏதாவது மாறுமா?

'டயாப்லோ 2'இல் தரையில் சிதறும் பொற்காசுகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பொறுக்க வேண்டும். எப்படியும் எல்லோரும் பொறுக்கத்தான் போகிறார்கள். 2021இல் வந்த 'ரிசரக்டட்' பதிப்பில் மேலே நடந்தாலே காசு சேர்ந்துவிடும். சரியான மாற்றம். அதே பதிப்பு, சண்டைக் கணக்கு நடக்கும் வேகத்தைத் தொடவில்லை. நொடிக்கு 25 என்ற பழைய தாளத்திலேயே விட்டது. ஆயுதங்களின் வேகமெல்லாம் அந்தத் தாளத்தின் மேல் கட்டப்பட்டவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

'ஸ்டார்கிராஃப்ட்' எதிர்த்திசை உதாரணம். ஒரு முறைக்கு 12 வீரர்களைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பார்த்தால் தொல்லை போலத் தெரியும். ஆனால் பெரும்படையை நகர்த்துவது உழைப்பாக இருப்பதால்தான், அதை யார் திறமையாக நகர்த்துகிறார் என்பது போட்டியாகிறது. ரீமாஸ்டரில் அந்த 12 அப்படியே இருக்கிறது.

நடுவில் நிற்கும் விஷயங்களும் உண்டு. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'இன் 2019 பதிப்பில், விளைச்சல் தீர்ந்த வயல் தானாகவே மறுபடி விதைக்கப்படும்படி வைத்துக்கொள்ளலாம். சண்டைக்கு நடுவிலும் வயலை மறக்காமல் இருப்பது ஒரு திறமைதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது.

அந்தக் காலக் கணினியின் பலவீனத்தால் வந்த விஷயங்களைக் கூடவா மதிக்க வேண்டும்?

சில சமயம் அந்தப் பலவீனம்தான் கேமின் உயிரையே கொடுத்திருக்கும். மெக்னரிடம் இளவரசனுக்கு ஓர் எதிரியை வரைய நினைவகத்தில் இடம் மிஞ்சவில்லை. இளவரசனின் படத்தையே ஒரு பிட் நகர்த்தி, அதன் மேலேயே சேர்த்துக் கணக்கிட்டபோது மினுமினுக்கும் நிழல் மனிதன் ஒருவன் கிடைத்தான். கண்ணாடிக்குள்ளிருந்து வெளியே பாய்ந்து, கடைசிவரை கூடவே வருகிற அந்த நிழலை ஆடியவர் யாரும் மறக்கவில்லை. நினைவகம் தாராளமாக இருந்திருந்தால் இன்னொரு காவலாளிதான் வந்திருப்பான்.

படத்தை மட்டும் கூர்மையாக்கினால் போதாதா?

கூர்மைதான் பல ரீமாஸ்டர்களைக் கெடுத்திருக்கிறது. 2021இல் வந்த 'ஜிடிஏ' முத்தொகுப்பில் இரண்டு காட்சிகள் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். அந்த மூன்றில் ஒன்றான 'சான் ஆன்ட்ரியாஸ்' அசலில் தூரத்தில் பனிமூட்டம் படர்ந்திருக்கும். நகரத்துக்கும் மலைக்கும் பாலைவனத்துக்கும் நடுவே பெருந்தொலைவு இருப்பது போன்ற மயக்கம் அதனால் வந்தது. புதியதில் மூட்டத்தை விலக்கினார்கள். மலையுச்சியில் நின்று பார்த்தால் மொத்த மாநிலமும் ஒரு கையகலத் தீவாகத் தெரிந்தது. இரண்டாவது, ஒரு டோனட் கடையின் கூரையில் நிற்கும் பெரிய நட்டு. கடையின் பெயரிலேயே நட்டு இருக்கிறது, அதுதான் வேடிக்கை. புதிய பதிப்பில் அதன் ஆறு முனைகளையும் மழமழவென்று வழித்து வட்டமாக்கிவிட்டார்கள். எதற்காக அந்த முனைகள் என்று கேட்க யாரும் இல்லாமல் போனதன் அடையாளம் அது. தயாரிப்பாளர்கள் பிறகு மன்னிப்புக் கேட்டுப் பல திருத்தங்கள் வெளியிட்டார்கள்.

டாஸ் காலப் படங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. 320க்கு 200 என்ற அளவில் வரைந்தவை, 4க்கு 3 விகிதமுள்ள குழாய்த் திரையில் தெரிந்தபோது ஒவ்வொரு புள்ளியும் சற்றே நெட்டையாக நீண்டது. ஓவியர் அந்த நீட்சியைக் கணக்கில் வைத்துத்தான் முகங்களை வரைந்தார். இன்றைய திரையில் சதுரப் புள்ளிகளாகக் காட்டினால் எல்லோரும் அமுக்கிவைத்தது போலத் தெரிவார்கள். நல்ல ரீமாஸ்டரில் இந்த விகிதத்தைச் சரிசெய்யும் வசதி அமைப்புகளில் இருக்கும். வாங்கியதும் முதலில் அதைத் தேடுங்கள்.

மூலநிரல் தொலைந்துபோனால் என்ன செய்வார்கள்?

மூலநிரல் என்பது கேமை உருவாக்கியவர்கள் எழுதிய நிரல் வரிகள். அது தொலைவது சாதாரணமாக நடக்கிற விஷயம். 1997இன் 'பிளேடு ரன்னர்' கேமின் மூலநிரல், ஸ்டூடியோ இடம் மாறியபோது போய்விட்டது. பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற மென்பொருளின் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர்கள், இயங்கும் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு அது என்ன செய்கிறது என்று பல ஆண்டுகள் பிரித்துப் பிரித்துப் படித்து, 2019இல் அதை மறுபடி ஓட வைத்தார்கள். 'கமாண்ட் அண்ட் கான்கர்' ரீமாஸ்டர் செய்தபோது கதைக் காட்சிகளின் அசல் ஒளிநாடாக்கள் கிடைக்கவில்லை. ஏற்கெனவே சுருக்கப்பட்டிருந்த பழைய காட்சிகளையே கணினி கொண்டு பெரிதாக்கினார்கள். முகங்களில் லேசான மெழுகுத்தன்மை இருப்பது அதனால்தான்.

நல்லபடியாக முடிந்ததும் ஒன்று உண்டு. 2012இல் மெக்னரின் தந்தை ஒரு பெட்டியைத் திறந்தபோது உள்ளே பழைய நெகிழ்வட்டுகள் இருந்தன. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வின் ஆப்பிள் 2 மூலநிரல். காந்தப் பூச்சு உதிர்ந்துபோகும் வயது அந்த வட்டுகளுக்கு. பழைய கணினிகளைத் தெரிந்தவர்கள் கூடி உட்கார்ந்து பொறுமையாகப் படித்தெடுத்தார்கள். மெக்னர் அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்.

எல்லோரும் கேட்கும் கேமை ஏன் நிறுவனங்கள் திரும்பக் கொண்டுவருவதில்லை?

பெரும்பாலும் உரிமைச் சிக்கல். 'சிஸ்டம் ஷாக் 2' பல ஆண்டுகள் எங்கும் விற்பனைக்கு இல்லை. ஸ்டீபன் கிக் என்பவர் பயணத்தின் நடுவில் அதை விளையாட ஆசைப்பட்டுத் தேடியபோது, உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கையில் கிடப்பதைக் கண்டுபிடித்தார். பேசி வாங்கி, 2013இல் கேமை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தார். நைட்டைவ் ஸ்டூடியோஸ் பிறந்த கதை இது. அதே நைட்டைவ் 2000ஆம் ஆண்டின் 'நோ ஒன் லிவ்ஸ் ஃபார்எவர்' கேமுக்கும் முயன்றது. பல நிறுவனங்கள் கைமாறியதில் உரிமை யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதே தெளிவாகவில்லை. முயற்சி நின்றுவிட்டது.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று முறையாக வாங்கக் கிடைப்பதில்லை.

ரசிகர்களே எழுதும் எஞ்சின்களைப் பயன்படுத்துவது சட்டப்படி சரியா?

கேமை ஓட்டும் எஞ்சினைப் புதிதாக எழுதுவது வேறு, கேமின் படங்களையும் இசையையும் பகிர்வது வேறு. ஸ்கம்விஎம் போன்றவை எஞ்சினை மட்டும் தரும். கேமின் கோப்புகளை நீங்கள் வாங்கிய பிரதியிலிருந்து கொடுக்க வேண்டும். 2004இல் தொடங்கிய ஓப்பன்டிடிடி ஒரு படி மேலே போனது. கிறிஸ் சாயர் அசெம்ப்ளி மொழியில் எழுதிய 'டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்' கேமின் மறுஆக்கம் அது. படங்கள், ஒலிகள், இசை எல்லாவற்றையும் ரசிகர்களே புதிதாகச் செய்து முடித்ததால் அசல் கோப்புகள் இல்லாமலே ஓடும். இருபது ஆண்டுகளைத் தாண்டியும் புதிய பதிப்புகள் வருகின்றன.

உரிமையாளரே வழிவிடுவதும் உண்டு. 'ஹாஃப்-லைஃப்' ரசிகர்கள் அதை மறுபடி கட்டி 'பிளாக் மேசா' என்ற பெயரில் 2012இல் இலவசமாகக் கொடுத்தார்கள். உரிமையாளரான வால்வ் நிறுவனம் அதை விற்கவும் அனுமதித்தது. 2020இல் முழுமை பெற்ற அந்தப் பதிப்பில், அசலில் அவசரமாக முடிந்த ஸென் உலகப் பகுதியை விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். என் கணக்கில், ரசிகர்கள் அசலை மிஞ்சிய இடம் அது.

இருபது ஆண்டுகள் கழித்து அடுத்த பாகம் வந்தால் நன்றாக இருக்குமா?

ரீமேக்கை விட இது கடினம். எதைத் தொடர்வது என்று முடிவெடுக்க வேண்டும்.

'ஃபால்அவுட் 2' 1998இல் வந்தது. பத்தாண்டு கழித்து மூன்றாம் பாகம் வேறு நிறுவனத்திலிருந்து வந்தது. மேலிருந்து பார்த்து முறை வைத்து ஆடியது, நாயகனின் கண் வழியே பார்த்துச் சுடுவதாக மாறியது. நல்ல கேம்தான், ஆனால் பழைய ரசிகர்கள் காத்திருந்தது அதற்காக இல்லை. 2012இன் 'எக்ஸ்காம்' வேறு விதமாக யோசித்தது. 1994 அசலில் ஒவ்வொரு வீரனுக்கும் நேர அலகுகள் உண்டு. எத்தனை எட்டு, திரும்ப எவ்வளவு, சுட எவ்வளவு என்று மனக்கணக்குப் போட வேண்டும். புதியது அதை ஒரு முறைக்கு இரண்டு செயல் என்று சுருக்கியது. கணக்கு போனது, ஆனால் மறைவிடத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்கும்போது நெஞ்சு படபடக்கிறதே, அது போகவில்லை. அசலின் ஒவ்வொரு அலகும் வேண்டும் என்பவர்களுக்கு ரசிகர்கள் எழுதிய ஓப்பன்எக்ஸ்காம் இருக்கிறது.

2023இன் 'பால்டர்ஸ் கேட் 3' கூட முந்தைய இரண்டு பாகங்களின் சண்டை முறையைக் கைவிட்டதுதான். ஆனால் ஒரு பூட்டிய கதவை எத்தனை விதமாகத் திறக்கலாம் என்று கேட்கும் குணத்தைப் பிடித்துக்கொண்டது. 2022இன் 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்'டைப் பலர் ஓவியப் பாணிக்காகவே ஒதுக்கினார்கள். எனக்கு அதில் வருத்தம். முதல் இரண்டு பாகங்களை உருவாக்கிய ரான் கில்பர்ட், 1991இல் விட்ட அதே காட்சியிலிருந்து கதையை எடுத்தார். மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்காக நாயகனின் பைக்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகத்தையும் வைத்தார். புதிரை எளிதாக்காமலே ஆளைக் காப்பாற்றும் வழி அது.

கூட்டு நிதி கேட்கிறார்கள், பணம் போடலாமா?

திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையை மட்டும் போடுங்கள். 'வேஸ்ட்லேண்ட் 2' 2012இல் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் திரட்டி, 2014இல் சொன்னதைக் கொடுத்தது. நைட்டைவின் 'சிஸ்டம் ஷாக்' ரீமேக் 2016இல் 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. பணம் வந்ததும் திட்டம் பெரிதாகிக்கொண்டே போனது; 2018இல் வேலையை நிறுத்தி, இது நாங்கள் வாக்களித்த கேமாக இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அசலுக்குத் திரும்பி வந்தார்கள். 2023இல்தான் வெளிவந்தது. கதை நடக்கும் விண்வெளித் தளத்தின் வரைபடம் அசலை ஒட்டியே இருக்கிறது; 1994இல் வழி தெரிந்தவருக்கு இன்றும் தெரியும். அந்த நிறுத்தம்தான் அதைக் காப்பாற்றியது.

புதியது வந்த பிறகு பழைய பதிப்பு எதற்கு?

இந்தக் கேள்விக்கு என்னால் அமைதியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. பழையதை எடுத்துவிடக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும்.

2020இல் 'வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்ட்' வந்தபோது, பழைய கேமை வைத்திருந்தவர்களின் பதிப்பும் இணையம் வழியே ஆடுவதற்குப் புதியதாகவே மாற்றப்பட்டது. புதியதை வாங்காதவர்களும் அதன் குறைகளைச் சுமந்தார்கள். கேட்டவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது, ஆனால் பழைய அனுபவத்தைப் பணத்தால் திருப்பித் தர முடியாது. 'ஜிடிஏ' முத்தொகுப்பு வரும்போது அசல்கள் கடையிலிருந்து எடுக்கப்பட்டன, எதிர்ப்புக்குப் பிறகு திரும்ப வைக்கப்பட்டன. 'பிளேடு ரன்னர்' 2022 பதிப்பிலும் அதே கதை.

எதிர்த்திசையில் 'கமாண்ட் அண்ட் கான்கர்' ரீமாஸ்டரைச் சொல்வேன். தனி ஆட்டத்தில் ஸ்பேஸ் விசையைத் தட்டினால் 1995இன் திரை அப்படியே வரும், மறுபடி தட்டினால் 2020க்குத் திரும்பும். கேமின் மூலநிரலையும் வெளியிட்டார்கள்.

வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

விளம்பரக் காணொளியைப் பார்க்காதீர்கள், வெட்டாமல் ஒருவர் அரை மணி நேரம் ஆடுவதைப் பாருங்கள். அசலின் கூடுதல் பாகங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3'இன் 2015 பதிப்பில் அவை இல்லை, அதனால் ரசிகர்கள் இன்றும் பழையதையே ஆடுகிறார்கள். பழைய படம், பழைய இசை, பழைய கட்டுப்பாடு மூன்றுக்கும் திரும்பிப்போக வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய கேம் எதையும் ஆடாதவர் எதிலிருந்து தொடங்கலாம்?

செலவில்லாமல் வேண்டுமென்றால் ஓப்பன்டிடிடி. இரண்டு ஊர்களை ஒரு பேருந்தால் இணைத்துப் பாருங்கள், பொழுது போவது தெரியாது. ஸ்டார்கிராஃப்ட் அசலும் 2017 முதல் இலவசம்தான்.

கதை வேண்டுமென்றால் 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'டின் 2009 சிறப்புப் பதிப்பு. அதில் எஃப்10 விசையை அழுத்தினால் 1990இன் படத்துக்கு மாறும். முதல் காட்சியில் காவல்காரர் நிற்கும் அந்த மலைமுகட்டில் நின்று ஒரு முறை அழுத்துங்கள். புதிய ஓவியத்தில் எல்லாம் வரைந்து காட்டப்பட்டிருக்கும். பழையதில் கறுப்பு வானமும், நீலத்தில் சில புள்ளிகளும், கீழே ஊரின் விளக்குகளும். இரண்டிலும் கொஞ்ச நேரம் நடந்து பார்த்துவிட்டு, பிடித்ததில் ஊருக்குள் இறங்குங்கள்.